ஒரு புள்ளிக்கு இவ்வளவு மவுசா?

குழந்தைகளே... இரண்டு படங்களுக்கு இடையே ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் புதிர் என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசை தானே? பெரியவர்கள் சிலரும் இதே விளையாட்டை விளையாடுகின்றனர். அவர்கள் கையில் இருப்பது படம் அல்ல. விலை உயர்ந்த, பழைய கைக்கடிகாரங்கள்! ஒரு புள்ளி சற்று இடம் மாறி இருந்தால் கூட, விலை எங்கேயோ போய்விடும். ஏன் அப்படி? மூன்று தடயங்களைப் பார்ப்போம்.

முதல் தடயம்: குட்டிச் சதுரம்

சுவிட்சர்லாந்து நாட்டின் ரோலெக்ஸ் நிறுவனம், 1963ல், 'டேடோனா' என்ற கைக்கடிகாரத்தை அறிமுகம் செய்தது. கார் பந்தய வீரர்களுக்கானது இது. பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல்கள் இருக்கும். சாதாரண டேடோனாவில், வினாடி காட்டும் குட்டி டயலில், 20, 40, 60 என்று எண்கள் இருக்கும். இன்னொரு வகையில், 15, 30, 45, 60 என்று இருக்கும். குட்டி டயல்களில் உள்ள கோடுகளின் நுனியில் சின்னச் சின்னச் சதுரங்களும் உண்டு. அந்தக் காலத்தில், சதுரம் போட்ட டயலை வாங்க ஆளில்லை. அதனால், குறைவாகவே வெளிவந்தது.

அமெரிக்க நடிகர் பால் நியூமன், கார் பந்தய வீரரும் கூட. அவர் மனைவி ஜோன் வுட்வர்ட், இந்த வகைக் கடிகாரம் ஒன்றை வாங்கி, 'கவனமாக ஓட்டுங்கள்' என்று பின்பக்கம் பொறித்துப் பரிசளித்தார். 1984ல், நியூமன் வீட்டில், மரத்தின் மேல் இருந்த குடிலைப் பழுது பார்த்துக் கொண்டிருந்தார் ஓர் இளைஞர். நியூமனுடைய மகளின் நண்பர். அவரிடம் மணி கேட்டார் நியூமன். தன்னிடம் கடிகாரமே இல்லை என்றார் இளைஞர். உடனே, தன் கடிகாரத்தையே கொடுத்து விட்டார் நியூமன்!

அது, 2017 அக்டோபரில், நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. விலை, 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில், சுமார் 115 கோடி ரூபாய்!

நியூமன் அணிந்ததால் தானே அந்த விலை என்பீர்கள். உண்மை தான். ஆனால், அவர் தொட்டே பார்க்காத கடிகாரமாக இருந்தாலும், அந்தச் சதுர டயல் இருந்தால் போதும். அதே வயதுள்ள சாதாரண டேடோனாவை விடப் பல மடங்கு விலை. அந்த டயலுக்கு, 'பால் நியூமன் டயல்' என்றே பெயர் வந்து விட்டது.

இரண்டாம் தடயம்: இடம் மாறிய புள்ளி

ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம், 1969ல், அப்பல்லோ 11 வீரர்களுடன் நிலவுக்குப் போனது. அதன் வெளிவளையத்தில் வேகம் கணக்கிடும் எண்கள் இருக்கும். ஒரு கார், 1 கி.மீ., தூரத்தை 40 வினாடியில் கடந்தால், வினாடி முள் 90 என்ற எண்ணைக் காட்டும். அதாவது, மணிக்கு 90 கி.மீ., வேகம். 3,600ஐ 40ஆல் வகுத்துப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்!

அந்த 90க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி உண்டு. 1970 வாக்கில் வரை, புள்ளி 90க்கு மேலே இருந்தது. அதன் பின், பக்கவாட்டில் இறங்கி விட்டது. மேலே இருந்தால், நிலவுப் பயண காலத்து வளையம் என்று அர்த்தம். கீறல் விழுந்த பழைய வளையத்தைக் கழற்றி எறிந்து, புதிதை மாட்டியவர்கள் ஏராளம். எனவே, பழைய வளையத்தோடு கிடைத்தால், அதற்குத் தனி மவுசு.

மூன்றாம் தடயம்: 'டி' என்ற எழுத்து

இருட்டில் ஒளிர்வதற்காக, முன்பு கடிகார முட்களில் ரேடியம் கலந்த பூச்சைத் தடவினர். 1920களில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்த வேலை செய்த இளம் பெண்கள், துாரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினர். கதிரியக்கத்தால் பலர் நோயுற்று இறந்தனர். 1960களில், ரேடியத்துக்குப் பதிலாக டிரிடியம் வந்தது. அதைக் காட்டவே, டயலின் அடியில், 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்தை அச்சிட்டனர்.

டிரிடியத்தின் கதிரியக்கம், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே, 1965ல் செய்த கடிகாரம் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். யாரோ புதுப்பூச்சு தடவி இருக்கலாம்!

பாருங்கள்... சதுரமோ, புள்ளியோ, எழுத்தோ தனியாக எதற்கும் உதவாது. அந்தக் கடிகாரம் எப்போது, எப்படிப் பிறந்தது என்று சொல்லும் சாட்சிகள் அவை. இதனால் தான் ஏமாற்றுக்காரர்களும் நுழைகின்றனர். சாதாரணக் கடிகாரத்தில் போலி டயலை மாட்டி, பெரும் விலைக்கு விற்கப் பார்க்கின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடியும், பொறுமையும் இல்லாதவர் பணத்தை இழப்பார். நல்ல எண்ணத்தோடு டயலுக்குப் புதுப்பெயின்ட் அடித்து, சாட்சியை அழித்து விடுபவர்களும் உண்டு.

இந்த விளையாட்டுக்குக் கோடி ரூபாய் தேவையில்லை. ஒரு ரூபாய் போதும்! நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைரம் போன்ற குறி இருந்தால், மும்பையில் அச்சானது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கோல்கட்டா.

உண்டியலைக் கவிழ்த்து, நான்கு ஊர் நாணயங்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வீட்டில் தாத்தாவின் பழைய கடிகாரம் இருந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் முன், டயலின் அடியில் என்ன எழுதி இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்!