செல்போனை நம்பி மலை ஏறலாமா?
தீர்த்தமலையில் படியை விட்டு விலகினால் ஆபத்து!

தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே உள்ள தீர்த்தமலைக்கு வரும் பக்தர்கள் தீர்த்தகிரீஸ்வரரைக் கும்பிட்டு, ராமர் தீர்த்தத்தில் நனைந்து, வந்த படியிலேயே இறங்கி விடுகிறார்கள். அவர்களுக்குப் பயமில்லை. வழி கேட்க ஆள் இருக்கிறது.

"செல்போன்ல மேப் இருக்கு, பாத்துக்கலாம்" என்று படியை விட்டுக் காட்டுப் பக்கம் கால் வைக்கிற வாலிபர்களுக்குத்தான் ஆபத்து.

படிக்கட்டில் இறங்கிய கார்

ஊருக்குள்ளேயே இந்த மேப் காலை வாரி விட்டதுண்டு. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், கர்நாடகம் திரும்பிய சுற்றுலா பயணிகள் கூகுள் மேப்பைப் பார்த்து ஓட்டிய கார், படிக்கட்டில் இறங்கி நடுவில் சிக்கியது. போலீசாரும் பொதுமக்களும் சேர்ந்து மீட்டார்கள். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கார் ரோட்டிலேயே இந்தக் கதி. ஒற்றையடிப் பாதையில்?

டவர் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் தயவில் நீலப் புள்ளி தெரியும். ஆனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் புள்ளியைச் சுற்றி ஒன்றும் இருக்காது. சார்ஜ் தீர்ந்தால் புள்ளியும் போச்சு. "இங்கே நிற்கிறாய்" என்று சொல்லும் புள்ளி, பத்தடி தள்ளி கிடுகிடு பள்ளம் இருப்பதைச் சொல்லாது.

கோடு சொல்லும் சேதி

அதைச் சொல்வது சர்வே ஆப் இந்தியா மேப். அதன் 1:50,000 மேப்பில் 2 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்திருப்பார்கள். பொதுவாக ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கிட்டத்தட்ட ஆறு மாடி!

கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் சாதாரண சரிவு. மேட்டுப் பக்கம் கூராக வளைந்தால் ஓடை. வழி தவறியவர்கள் ஓடையைப் பிடித்து இறங்கப் பார்ப்பார்கள். அது அருவியாகக் கொட்டும் இடத்தில் மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

இந்தியாவை முக்கோணம் போட்டு அளந்த பெரிய சர்வே 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. மேப் பார்க்கத்தான் நமக்கு ஆளில்லை!

குரங்கணி தீ

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ சூழும்போது செல்போனைத் தடவ நேரம் ஏது? எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் பாறை வெளி என்பது முன்பே மனதில் இருக்க வேண்டும்.

காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும்.

பழகிப் பார்க்க காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தீர்த்தமலைப் படியிலேயே உட்காரலாம். கையில் மேப், எதிரே மலை. கோடு நெருங்கும் இடத்தையும் எதிரே நிற்கும் பாறையையும் ஒத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டு விடும்.