வெள்ளைக் குட்டி

பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் ஒரு குதிரை, பதினொரு மாதம் சுமந்து, அப்பழுக்கில்லாத வெள்ளைக் குட்டி ஒன்றை ஈனுகிறது. கண்கள் இரண்டும் நீலம். நம் வீடாக இருந்தால் திருஷ்டி கழிக்க ஓடுவோம், அல்லவா? ஆனால் அமெரிக்காவில் 'பெயின்ட்' ஜாதிக் குதிரை வளர்க்கும் பண்ணைகளில் அப்படி ஒரு குட்டி பிறந்தால், எல்லோருக்கும் நெஞ்சு 'திக்'கென்கிறது.

குட்டி எழுந்து நிற்கும், பாலும் குடிக்கும். சில மணி நேரத்தில் வயிறு உப்பி, வலி தாங்காமல் புரள ஆரம்பிக்கும். குடலை அசைத்துத் தள்ளும் நரம்பு அணுக்கள் அதன் குடலில் இல்லை! வைத்தியம் கிடையாது. ஓரிரு நாளில் இறந்துவிடும். அதற்குள் வைத்தியரே ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவிடுவதும் உண்டு.

நிறத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் உயிரணுக்கள் யாத்திரை கிளம்புகின்றன. சில தோலுக்குப் போய் வர்ணம் கொடுக்கின்றன. சில குடலுக்குப் போய் நரம்பாகின்றன. இந்த யாத்திரைக்கு அவசியமான ஒரு மரபணு கெட்டுப்போனால், இரண்டு கோஷ்டியும் போய்ச் சேருவதில்லை. 1998-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். மனிதக் குழந்தைகளுக்கு வரும் 'ஹிர்ஷ்ஸ்ப்ரங்' என்ற குடல் வியாதிக்கும் இதே மரபணுவின் பிசகு ஒரு காரணம். நல்ல வேளை, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குடலின் கடைசிப் பகுதிதான் பாதிக்கப்படுகிறது. ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிடலாம்.

விசித்திரம் என்னவென்றால், ஆளைக் கொல்லும் இந்த மரபணுதான் அழகையும் தருகிறது! தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என்று எந்த மரபணுவும் ஜோடியாகவே வருகிறது. ஜோடியில் ஒன்று மட்டும் இப்படி மாறியிருந்தால் குதிரைக்கு ஒரு கெடுதலும் இல்லை. விலாவில் வெள்ளைத் திட்டு. அதைச் சுற்றிப் படத்துக்குச் சட்டம் போட்டாற்போல் கரும் நிறம். 'ஃப்ரேம்' என்றே இதற்குப் பெயர். இந்த அழகுக்கு ஆசைப்பட்டு, அப்படிப்பட்ட இரண்டையே ஜோடி சேர்த்தால்தான் வினை. பிறக்கும் குட்டி சாகும் வெள்ளைக் குட்டியாக இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் மூன்றும் பிழைத்துவிட்டால் நாலாவதற்குத்தான் கண்டம் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் சோழியைப் புதிதாக உருட்டுகிற மாதிரிதான்.

கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாமே என்றால், அதுவும் முடியாது. வெள்ளையே அதிகம் தெரியாத சில குதிரைகளும் இந்த மரபணுவை ஒளித்து வைத்திருக்கும். மறுபுறம், வெள்ளைக் குட்டிகள் எல்லாமே சாகப் பிறந்தவையும் அல்ல. வேறு மரபணுக்களால் வெள்ளையாகப் பிறந்து சுகமாக வாழ்பவை உண்டு. வியன்னா நகரத்து லிப்பிஸானர் குதிரைகளின் கதையோ தனி. அவை கருமையாகப் பிறந்து, நம் தலை நரைப்பது போல் வருஷக் கணக்கில் வெளுக்கின்றன.

ஆகவே பிடரியிலோ வாலிலோ சில முடிகளை வேரோடு பிடுங்கி, உறையில் போட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். கோளாறு உண்டு என்று பதில் வந்தாலும் அந்தக் குதிரையை ஒதுக்கி வைப்பதில்லை. கோளாறு இல்லாத ஜோடியைத் தேடிச் சேர்க்கிறார்கள். அப்போதும் சட்டம் போட்ட குட்டி பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. சாகும் குட்டி பிறப்பதில்லை.