கையின் குற்றமா, வழியின் குற்றமா?

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, இந்நாட்டின் பல நகரங்களில் குடியேறியிருக்கும் நம்மவர் இல்லங்களில் மேசைக் கணினியும் குடும்பத்தில் ஒருவரைப் போல் ஆகிவிட்டது. குழந்தைகளின் பாடம், ரயில் டிக்கெட் பதிவு, ஊரிலுள்ள வீட்டுக்கு வரி செலுத்துதல், பெரியோர்கள் தமிழ்ப் பத்திரிகை படித்தல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. அந்தப் பெட்டி அடியோடு நின்றுவிட்டால் உடனே ஆளைத் தேடி ஓடுகிறோம். ஆனால் அதனுடன் சேர்ந்த கம்பியில்லா மௌஸ் தடுமாறினால் மட்டும், ஒன்று பொறுத்துக்கொள்கிறோம். அல்லது புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். இவ்விரண்டும் சரியான வழியல்ல என்பதை எங்கள் இல்லத்து அனுபவம் எங்களுக்குக் கற்பித்தது. மௌஸுக்குச் ‘சுட்டி’ என்ற அழகிய தமிழ்ப் பெயர் உண்டு. ஆயினும் வீட்டில் வழங்கும் பெயரையே இங்கும் கொள்வோம்.

எங்கள் தகப்பனாருக்கு வயது 82. இளமையில் தந்தி இலாகாவில் சேர்ந்து, மோர்ஸ் கருவியைத் தட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, நெருங்கிய உறவினரை இழந்தவர்போல் நாள் முழுவதும் பேசாமல் இருந்தார். தாயார் காலமான பின்னர், கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். இங்கே அக்கம்பக்கத்தில் பேசும் பாஷை அவருக்குப் புரியாது. காலையில் கணினியில் தமிழ்ப் பத்திரிகை படிப்பதும், ஊரிலிருக்கும் எங்கள் அத்தைக்கு வாரம் ஒரு கடிதம் அதிலேயே எழுதி அனுப்புவதுமே அவருடைய பெரும் ஆறுதல்.

சென்ற தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் பூசினோம். அப்போது மேசைமீது இருந்த கணினிப் பெட்டியை இறக்கி, இரும்பு மேசையின் அடியில் சுவரோரமாக வைத்தோம். மௌஸின் ரிசீவரை, அதாவது விரல் நுனியளவே உள்ள அந்தச் சிறு துண்டை, பெட்டியின் பின்புறத்தில் செருகினோம். பழைய புகைப்படங்களைச் சேமித்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, ரிசீவருக்கு அடுத்த துளையிலேயே அதையும் இணைத்தோம். இவற்றையெல்லாம் செய்துவிட்டு மறந்தும் போனோம்.

சில நாட்களில் தகப்பனார், “அம்புக்குறி குதிக்கிறது; சொன்ன இடத்தில் நிற்க மறுக்கிறது” என்றார். பேட்டரியை மாற்றினோம், குணமில்லை. புதிய மௌஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதுவும் அவ்வாறே குதித்தது. அதன் பிறகு அவரே தீர்ப்புக் கூறிவிட்டார்: “மௌஸ் இரண்டு, கை ஒன்று. கெட்டது எது என்று கேட்கவும் வேண்டுமா?”

அன்றுமுதல் அவர் கணினியின் அருகே செல்லவில்லை. கடிதமும் நின்றது. அத்தை தொலைபேசியில் எங்களை அழைத்து, “தம்பிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? என்னிடம் மறைக்காதீர்கள்” என்று கேட்டார். நாங்களும் வயோதிகத்தினால் வந்த கைநடுக்கம் என்றே நம்பி, நரம்பு வைத்தியரிடம் நேரம் கேட்டு வைத்தோம். அதுவரை எங்களில் ஒருவரேனும் அந்த மௌஸைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் வேலைகளுக்கு மடிக்கணினிகள் இருந்தன. மேசைக் கணினி அவருடையது என்று விட்டிருந்தோம்.

ஒரு நாள் எங்கள் பெண், பள்ளிக்கு வேண்டிய படம் ஒன்றை அச்செடுக்க அந்தக் கணினியின் முன் அமர்ந்தாள். மறு நிமிஷமே, “தாத்தா! எனக்கும் குதிக்கிறது!” என்று கூவினாள். சாய்வு நாற்காலியிலிருந்த தகப்பனார் எழுந்து வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது லைன் கோளாறு. தந்தி போய்ச் சேரவில்லை என்றால் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். அனுப்பும் முனை, வாங்கும் முனை, நடுவில் இருக்கும் லைன். மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்” என்றார்.

கம்பியே இல்லாத கருவிக்கு லைன் ஏது என்று தோன்றலாம். கம்பி இல்லையே தவிர வழி இல்லாமல் இல்லை. மௌஸ் ஒரு சிறிய வானொலி நிலையம். கை அசையும்போதெல்லாம், பெரும்பாலான மௌஸ்கள் வினாடிக்கு நூறு முறைக்கு மேலாகத் தம் நகர்வை ரேடியோ அலைகளால் ரிசீவருக்கு அறிவிக்கின்றன. அவ்வலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். பேட்டரி பல மாதங்கள் நீடிக்க வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த சக்தியிலேயே அவை அனுப்பப்படுகின்றன. மரப்பலகையையும் துணியையும் அவை எளிதில் ஊடுருவும். இரும்புத் தகடு அவற்றைத் திருப்பிவிடும். தண்ணீர் மிகுந்த நம் உடலோ அவற்றின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அட்டைப்பெட்டியின்மீது 10 மீட்டர் தூரம் எட்டும் என்று அச்சிட்டிருப்பது, தடையற்ற வெளியில் கிட்டும் கணக்கு. இரும்பு மேசையின் அடியில், இரும்புப் பெட்டியின் பின்னால், சுவரை நோக்கி இருக்கும் ரிசீவருக்கு ஒரு மீட்டரும் நெடுந்தூரமே.

இது மட்டுமன்று. இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி பலரும் நடமாடும் பொதுவீதி. குறைந்த சக்திக் கருவிகள் உரிமம் இன்றியே இதில் இயங்கலாம் என்று நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. வை-ஃபை, புளூடூத் ஆகிய இரண்டும் இதில் இயங்குகின்றன. சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், அதிலிருந்து கசியும் சிறிதளவு அலையும் இவ்வீதியிலேயே வந்து கலக்கிறது.

எல்லாவற்றையும் விட வியப்பானது, ரேடியோக் கருவியே அல்லாத ஒன்று செய்யும் இடையூறு. யூ.எஸ்.பி. 3.0 என்னும் வேகமான இணைப்பு முறை 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அது இயங்கும்போது, அதன் துளையிலிருந்தும் கேபிளிலிருந்தும் இணைந்த கருவியிலிருந்தும் இரைச்சல் அலைகள் வெளிப்படுகின்றன. அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுவதை இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட ஓர் அறிக்கையில் விளக்கியுள்ளது. யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்தபோது, அருகில் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு உயர்ந்ததாக அவ்வறிக்கை கூறுகிறது.

கோயில் திருவிழாவில் தவில் வாசிப்பவருக்கு அருகில் நிற்பவரிடம், பத்தடி தள்ளி நின்று நாம் ஒரு செய்தி சொன்னால் அவர் காதில் விழுமா? நம் குரலிலும் குற்றமில்லை. அவர் செவியிலும் குற்றமில்லை. புதிய ஆள் ஒருவரை அழைத்து வந்து அதே இடத்தில் நிறுத்தினாலும் பயனில்லை. கேட்பவர் தவிலை விட்டுச் சற்று விலகி வரவேண்டும், அவ்வளவே. ஹார்டு டிஸ்க்கின் பக்கத்தில் செருகப்பட்ட ரிசீவரின் நிலை இதுதான். நாங்கள் வாங்கிய புதிய மௌஸும் இதனால்தான் தோற்றது. அதன் ரிசீவரையும் அதே துளையில்தானே செருகினோம்!

தகப்பனார் சொன்ன முறைப்படியே சோதனையை நடத்தினோம். அன்பர்களும் அதே வரிசையில் செய்து பார்க்கலாம்.

முதலில், கம்பியுள்ள மௌஸ் ஒன்றை இரவல் வாங்கி இணைத்துப் பாருங்கள். அதிலும் அம்புக்குறி தயங்கினால், கணினியே மந்தமாக இருக்கிறது என்று அறியலாம். கம்பி மௌஸ் நன்றாக ஓடினால் கணினி குற்றமற்றது.

இரண்டாவதாக, கம்பியில்லா மௌஸை ரிசீவருக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டு சென்று, ஓர் அட்டையின்மீது நகர்த்துங்கள். அங்கே அம்புக்குறி ஒழுங்காக ஓடி, மேசைக்குத் திரும்பியதும் குதித்தால், கோளாறு வழியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இவ்வாறே நிகழ்ந்தது.

அருகில் வைத்தும் தடுமாறினால் மௌஸைக் கவனிக்க வேண்டும். புதிய பேட்டரி போட்டு, அதைத் தொடும் உலோக முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அடிப்புறத்துக் கண்ணில் படிந்த தூசியையும் அகற்றுங்கள். கண்ணாடி மேசையிலும் பளபளப்பான பரப்பிலும் பல மௌஸ்கள் தம் நகர்வை அறியமாட்டா. ஒரு தடித்த காகிதம் விரித்தால் போதும். ஓடும்போது நன்றாக ஓடி, சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் விழிக்கத் தாமதித்தால், அது மின்சக்தியைச் சேமிக்கும் ஏற்பாடேயன்றிக் கோளாறன்று.

வழியில்தான் கோளாறு என்று தெரிந்தால் பரிகாரம் எளிது. ரிசீவரைப் பெட்டியின் பின்புறத்திலிருந்து எடுத்து முன்புறத் துளையில் செருகுங்கள். உட்புறம் நீலநிறமாக உள்ள துளைகள் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3.0 வகையைச் சேர்ந்தவை. கறுப்பு அல்லது வெள்ளைத் துளை இருந்தால் அதையே ரிசீவருக்கு அளித்து, ஹார்டு டிஸ்க்கையும் பென் டிரைவையும் எட்டத்தில் வையுங்கள். இவற்றினும் சிறந்தது, ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றைப் பூட்டி, ரிசீவரை மேசைமேல், மௌஸுக்கு நேராகக் கொண்டு வருவது. விலையும் அதிகமில்லை. வை-ஃபை ரௌட்டர் மேசைமீதே இருந்தால் சற்று தள்ளி வையுங்கள். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பின், வீட்டுக் கருவிகளை அதற்கு மாற்றினால் பொதுவீதியில் நெரிசல் குறையும்.

சில மௌஸ்களுக்குத் தனி ரிசீவர் இல்லை. கணினியின் புளூடூத்துடனேயே அவை பேசும். அத்தகைய மேசைக் கணினிகள் பலவற்றில், பின்புறம் திருகிப் பொருத்துவதற்கென்று சிறு ஆன்டெனாக்கள் கொடுத்திருப்பார்கள். அவற்றைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுவோர் உண்டு. அவற்றை எடுத்துத் திருகினால் மௌஸுடன் வை-ஃபையும் பலம் பெறும்.

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று கிடந்தது. அதைப் பூட்டி, ரிசீவரைக் கணினித் திரையின் ஓரமாக வைத்தோம். ஹார்டு டிஸ்க்கை வேறு பக்கத்திற்கு மாற்றினோம். எங்கள் பெண் எழுந்து தாத்தாவுக்கு இடம் கொடுத்தாள். அவர் தயங்கித் தயங்கி மௌஸின்மீது கை வைத்தார். அம்புக்குறி, அவர் நினைத்த எழுத்தின்மீது சென்று அசையாமல் நின்றது. “லைன் கிளியர்” என்று மட்டும் சொன்னார். அன்றிரவே அத்தைக்குக் கடிதம் போயிற்று. வைத்தியரிடம் கேட்டிருந்த நேரத்தை ரத்து செய்தோம்.

முதியோருக்குக் கைநடுக்கம் வருவதே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. டம்ளரைப் பிடிக்கும்போதும் கையெழுத்திடும்போதும் கை நடுங்கினால் வைத்தியரைப் பார்ப்பதே முறை. ஆனால் ஒரு யந்திரத்தின் முன் மட்டும் தோன்றும் நடுக்கத்திற்கு, முதலில் அந்த யந்திரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

பிற மொழி பேசும் ஊரில், தமிழோடு உள்ள தொடர்பு பல பெரியோர்களுக்கு அந்த ஒரு திரையின் வழியாகத்தான் கிடைக்கிறது. “எனக்கு வயதாகிவிட்டது, இனி இது வேண்டாம்” என்று அவர்கள் விலகிக்கொண்டால், அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அவர்கள் அமரும் நாற்காலியில் ஐந்து நிமிஷம் நாம் அமர்ந்து, அவர்கள் பிடிக்கும் மௌஸை நாமும் பிடித்துப் பார்ப்போமாக. எங்கள் வீட்டில் அதைச் செய்ய ஒரு குழந்தை தேவைப்பட்டது.