கட்டுத்தறியையும் கொண்டுவரும் கிருமி

உணவும் நீரும் ஓயாமல் நகரும் குடலில் ஒரு கிருமி நிலைத்து நிற்க வேண்டுமானால் எதையாவது பற்றிக்கொண்டாக வேண்டும். பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒருவகை ஈ.கோலை, குட்டியின் குடல் செல்லில் உள்ள ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அந்த மூலக்கூறு பிறவியிலேயே இல்லாத குட்டிகளும் உண்டு. அவற்றிடம் கிருமியின் ஜம்பம் பலிப்பதில்லை.

கைக்குழந்தைகளைத் தாக்கும் ஈ.கோலை வகையின் கதை வேறு. லண்டனை ஒட்டிய பகுதியில் கோடைக்கால வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தபோது, 1945இல் ஜான் பிரே இதை அடையாளம் காட்டினார். இந்தக் கிருமி காலராக் கிருமியைப்போல நஞ்சு கக்குவதாகத் தெரியவில்லை. பிறகு எப்படி நோய் வருகிறது? எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கிருமி ஒட்டிய இடத்தில் குடல் செல்லின் மயிர் போன்ற நுண்நீட்சிகள் அழிந்து, அங்கே ஒரு பீடம் எழும்பியிருந்தது. பீடத்தின்மேல் கிருமி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

மரபணுக்களைக் கெடுத்து, எதைக் கெடுத்தால் பிடி தளர்கிறது என்று தேடிய அமெரிக்காவின் ஜேம்ஸ் கேப்பர் குழு, 1990இல் ஒரு மரபணுவைப் பிடித்தது. அது உருவாக்கும் புரதத்தின் பெயர் இன்டிமின். சோதித்துப் பார்க்கத் தன்னார்வலர்கள் முன்வந்து கிருமியைக் குடித்தார்கள் (இப்படிப்பட்டவர்களுக்குப் பரிசு தர யாருக்கும் தோன்றுவதில்லை). இயல்பான கிருமியைக் குடித்த 11 பேருக்கும் வயிற்றுப்போக்கு; இன்டிமின் மரபணு நீக்கப்பட்டதைக் குடித்த 11 பேரில் 4 பேருக்கு மட்டும். 1993இல் முடிவு வெளியானது.

இன்டிமின் கை என்றால், அது பிடிக்கும் பிடி எங்கே? செல்லின் மேலுறையில் ஒரு புரதம் தென்பட்டது. மனித செல்லுக்குச் சொந்தமானது என்றே எல்லோரும் நம்பினார்கள். 1997இல் கனடாவின் பிரெட் ஃபின்லே குழு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. அந்தப் புரதமும் கிருமியுடையதுதான்! ஊசி போன்ற ஓர் அமைப்பால் அதை நம் செல்லுக்குள் செலுத்திவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கிருமி பற்றிக்கொள்கிறது. கட்டுத்தறியைத் தானே சுமந்துவந்து அடுத்தவர் கொல்லையில் அடித்துக்கொள்ளும் மாடு இது. டிர் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுவது நம் நொதிகள். பீடம் கட்ட ஆக்டின் என்ற புரத இழைகளைத் தருவதும் நம் செல்தான்.

இன்டிமின், டிர், ஊசி ஆகியவற்றுக்கான மரபணுக்கள் சுமார் 35,000 எழுத்துகள் கொண்ட ஒரே டிஎன்ஏ துண்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. கிருமியின் மற்ற டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் இத்துண்டின் எழுத்து விகிதமே மாறுபடுகிறது. வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த சரக்கு என்பதற்கு அது தடயம். ஆய்வகத்தில் வளர்க்கும் சாதுவான ஈ.கோலைக்குள் இந்தத் துண்டை ஏற்றியபோது, அதுவும் செல்லில் ஒட்டிப் பீடம் எழுப்பியது.

மாட்டுக் குடலில் வாழ்ந்து, இறைச்சி வழியாக மனிதருக்கு வரும் ஓ157 என்ற கொடிய வகையிடமும் டிர் உண்டு. இந்த அறிவை வைத்துக் கனடாவில் மாடுகளுக்கு ஒரு தடுப்பூசி தயாரித்து, 2008இல் அனுமதியும் வாங்கினார்கள். ஆனால் ஓ157 மாட்டுக்கு நோய் தருவதில்லை. நோயில்லாத மாட்டுக்கு எதற்குச் செலவு என்று பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் அதை வாங்கவில்லை.