மலிவுக்கும் பூர்வோத்தரம் உண்டு

கம்ப்யூட்டர் கேம் என்றால் ஒரு பளபளப்பான அட்டைப் பெட்டி, அதனுள் ஒரு வட்டத் தகடு, தகட்டின் உறைமேல் அச்சிட்ட ஓர் எண் என்றிருந்த காலம் போய், காசு கொடுத்தவன் கையில் ஸ்தூலமாக எதுவுமே வந்து சேராத காலம் வந்துவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் என்னும் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டீம் என்ற இணையச் சேவையை ஆரம்பித்தபோது, தன் சொந்தக் கேம்களுக்கு அவ்வப்போது திருத்தங்களை அனுப்பிவைப்பதே அதன் பிரதான உத்தேசமாக இருந்தது. மறு ஆண்டு வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 என்ற கேமைக் கடையில் பெட்டியாக வாங்கியவர்கள்கூட, ஸ்டீமில் ஒரு கணக்குத் திறந்தாலொழிய ஆட முடியாது என்று அந்நிறுவனம் விதித்தபோது எரிச்சலடைந்து முணுமுணுத்தவர்கள் அநேகர். அன்று முணுமுணுத்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இன்று பி.சி. கேம் வாங்குவதென்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டீம்தான்.

அங்கே பணம் செலுத்தி நாம் பெறுவது கேம் என்ற சொத்தை அன்று. நம் கணக்கின் வாயிலாக அதை ஆடிக்கொள்ளும் உரிமத்தை மாத்திரமே. யூபிசாஃப்ட் நிறுவனம் த க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேமின் சர்வர்களை 2024 மார்ச் மாதக் கடைசியில் அணைத்துவிட்டபோது, முழு விலை கொடுத்து அதை வாங்கியிருந்தவர்களும் பிறகு ஆட வழியின்றிப் போனார்கள். இந்த உண்மையை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்குள் ஒளித்துவைத்துப் பொத்தானில் மட்டும் 'வாங்கு' என்று பெரிதாகப் பொறிப்பது நியாயமன்று என்று கருதிய கலிபோர்னியா மாநிலம் அவ்வாண்டே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வருவதற்கு முன்பே, ஸ்டீம் தன் கட்டணப் பக்கத்தில் இது உரிமம்தான் என்ற அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. போலந்து நாட்டு சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே நிறுவும் ஃபைலையே இறக்கி நம் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒருவர் தயவும் நமக்கு வேண்டியதில்லை. இரண்டு கடையிலும் விலை ஒன்றாக இருந்தால் நான் ஜி.ஓ.ஜி. பக்கமே சாய்வேன்.

இனி, விலைக்கு வருவோம். ஒரு கேமின் இரண்டாவது பிரதிக்கு அச்சுக்கூலியும் இல்லை, லாரி வாடகையும் இல்லை. ஆகவே ஆவல் மிகுந்தவர்களிடம் முதல் வாரத்தில் முழு விலையை வாங்கிக்கொண்டு, ஆவல் குறைந்தவர்களுக்காக மாதங்கள் செல்லச் செல்ல விலையைப் படிப்படியாக இறக்குவதே வெளியீட்டாளர்களுடைய வியாபார தர்மமாக அமைந்துவிட்டது. ஸ்டீமில் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்கு நான்கு பெருந்தள்ளுபடிகள் நடக்கின்றன. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக் கடைக்குள் நுழையும் நம்மவர்க்கு, விலைச் சீட்டில் அடித்து எழுதிய பழைய விலை மெய்யான பழைய விலைதானா என்ற ஐயம் இயல்பாக எழும். ஸ்டீம் இதற்கென்றே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: விலையை ஏற்றிய கேமுக்கு அடுத்த 30 நாட்கள் தள்ளுபடி தரலாகாது. இருந்தாலும் வாங்குகிறவர் தாமே சோதித்துக்கொள்வது உத்தமம். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒரு கேமின் விலை எப்படி ஏறி இறங்கியது என்ற வரலாறு கோடாக வரைந்து கிடக்கிறது. இஸ் தேர் எனி டீல் என்ற தளமோ, அதிகாரபூர்வமான கடைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எங்கே இன்று விலை குறைவு, இதுவரை கண்ட மிகக் குறைந்த விலை எது என்று ஒப்பிட்டுக் காட்டுகிறது. வேண்டிய கேமை விஷ்லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், விலை இறங்கும் அன்று மின்னஞ்சல் தானே வந்து தெரிவிக்கும்.

காத்திருப்பதில் பண லாபம் மட்டும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சைபர்பங்க் 2077 என்ற கேம் 2020 டிசம்பரில் வெளிவந்தபோது குறைகள் மலிந்து, சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதைச் சில மாதங்கள் அகற்றிவைக்கும் அளவுக்குப் பெயர் கெட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகு அதே கேமைத் தள்ளுபடியில் வாங்கியவர்கள், முதல் நாளே முழு விலை கொடுத்தவர்களைவிடச் சிறந்த பொருளைக் குறைந்த விலைக்குப் பெற்றார்கள். முன்பதிவு செய்து வாங்கும் வழக்கத்துக்கு ஆதரவாக ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. தீர்ந்துபோகக்கூடிய சரக்கல்லவே இது.

தள்ளுபடிக்கு அடுத்தபடி, நம் கணக்கில் பதிந்தால் கேமைத் திறந்துவிடும், கீ என்று வழங்கும் எழுத்துக் கோவையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நன்மையும் வஞ்சனையும் அதன் வழியாகவே வருகின்றன. ஸ்டீமில் கேம் விற்கும் தயாரிப்பாளர், அதே கேமுக்கான கீக்களை வால்விடம் கேட்டுப் பெற்று வெளியே தாமே விற்கலாம். அந்த விற்பனையில் வால்வ் ஒரு பைசாவும் கமிஷன் எடுப்பதில்லை. தன் கடையில் நேரடியாக விற்கும்போது பொதுவாக நூற்றுக்கு முப்பது பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் இந்தச் சலுகையைத் தருவதால், தயாரிப்பாளரிடமிருந்து கீக்களை ஒப்பந்தப்படி பெற்று விற்கும் ஹம்பிள், ஃபனாட்டிகல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள், தமக்குக் கிடைக்கும் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, சில சமயம் ஸ்டீமைவிடவும் மலிவாகத் தர முடிகிறது. இந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நேரான பதில் இருக்கிறது. அந்தப் பதில்தான் முக்கியம்.

இப்படிப் பதில் உள்ள மலிவுக்கு வேறு உதாரணங்களும் உண்டு. 2010 மே மாதத்தில் ஹம்பிள் இண்டி பண்டில் என்ற பெயரில், வேர்ல்ட் ஆஃப் கூ முதலிய சிறு கேம்களை ஒரு கட்டாகக் கட்டி, விரும்பிய தொகையைக் கொடுத்து எடுத்துச் செல்லுங்கள், அதில் எவ்வளவு தர்ம ஸ்தாபனங்களுக்குப் போக வேண்டும் என்பதையும் நீங்களே நிர்ணயியுங்கள் என்று அறிவித்தபோது, 12 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. எபிக் என்ற நிறுவனத்தின் இணையக் கடை, தான் திறந்த 2018 டிசம்பர் தொட்டு இலவசமாகவே கேம்களைக் கொடுத்து வருகிறது. 2020 மே மாதத்தில் ஜி.டி.ஏ. 5 என்ற கேமை அவ்வாறு வழங்கியபோது கூட்டம் தாங்காமல் கடையே மணிக்கணக்கில் முடங்கியது. இலவசத்தின் காரணம் பிற்பாடு ஆப்பிளுடன் எபிக் நடத்திய வழக்கின் ஆவணங்களில் வெளிப்பட்டது: முதல் ஒன்பது மாத இலவசங்களுக்காகத் தயாரிப்பாளர்களுக்கு எபிக் கொடுத்தது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர், அதற்குப் பிரதியாக வந்து சேர்ந்த புதிய வாடிக்கையாளர் சுமார் 50 லட்சம் பேர். விளம்பரச் செலவாகக் கருதினால் அது ஒன்றும் வள்ளல்தனம் அன்று. நாம் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பதில் இல்லாத மலிவு கிடைக்கும் இடம் வேறு. ஜி2ஏ, கிங்குவின் போன்ற இணையச் சந்தைகளில் இடம் தருபவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். விற்பவர் யார், கீ அவர் கைக்கு எவ்வாறு வந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அங்குள்ள கீக்கள் அனைத்தும் களவு என்று சொல்வது அநியாயம். பண்டிலில் மிஞ்சியதை விற்பவர் உண்டு. விலை குறைவான தேசத்துக்கென வெளியிட்ட கீயைத் தருவித்து விற்பவர் உண்டு. விமர்சகர் என்று வேஷமிட்டுத் தயாரிப்பாளரிடம் இலவசமாகக் கேட்டு வாங்கி, மறுநாளே சந்தையில் வைப்பவரும் உண்டு. இவற்றோடு கலந்து, அடையாளமே தெரியாமல், திருட்டுக் கீயும் கிடக்கிறது.

அந்தத் திருட்டு நடக்கும் விதம் எளியது, ஆகவே அபாயமானது. எவனோ ஒருவன் பிறருடைய கிரெடிட் கார்டு எண்ணைத் திருடி, அதைக்கொண்டு தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் கீக்களை வாங்கிக் குவிக்கிறான். அவற்றைச் சந்தையில் பாதி விலைக்கு விற்று நல்ல பணமாக மாற்றிக்கொள்கிறான். சில வாரம் கழித்துக் கார்டுக்கு உரியவர் தமக்குத் தெரியாமல் செலவான தொகையைக் கண்டு வங்கியில் முறையிட, வங்கி அந்தப் பணத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பறிப்பதோடு, சார்ஜ்பேக் கட்டணம் என்று ஒரு தண்டத் தொகையையும் அவர் தலையிலேயே கட்டுகிறது. இதில் கேமும் போய், பணமும் போய், மேலும் கைப்பொருளை இழந்து நிற்பவர், கேமை ஆக்கியவர். நேச்சுரல் செலக்‌ஷன் 2 என்ற கேமை ஆக்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 2013-இல் இவ்வாறு வந்த 1,341 கீக்களை ரத்து செய்ய நேர்ந்தது. சார்ஜ்பேக் வகையில் அதற்கு ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 30,000 டாலர். 2015 ஜனவரியில் யூபிசாஃப்டும் ஃபார் க்ரை 4 கேமை இப்படி வாங்கியவர்களுடைய கணக்குகளிலிருந்து நீக்கியது. பெருங்கூச்சல் எழுந்ததன்பேரில், முன்னரே ஆடத் தொடங்கியவர்களுக்கு மாத்திரம் திருப்பிக் கொடுத்தது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வளவு தாராளம் காட்ட வசதி ஏது?

எல்லாவற்றிலும் சுவையானது ஃபாக்டோரியோ என்ற கேமின் கதை. செக் நாட்டின் ப்ராக் நகரில் அதை ஆக்கிய வூப் என்ற குழுவினருக்கு ஒரு வைராக்கியம்: தள்ளுபடி என்பதே கிடையாது. ஸ்டீமின் எந்தப் பெருந்தள்ளுபடியிலும் அது விலை குறைந்ததில்லை. 2023 ஜனவரியில் 30 டாலரிலிருந்து 35 டாலராக ஏறவே செய்தது. ஜி2ஏ நிறுவனம் 2019-இல், தன் சந்தையில் திருட்டுக் கீ விற்றதை நிரூபிக்கும் தயாரிப்பாளருக்குச் சார்ஜ்பேக்கில் இழந்த தொகையைப் போல் பத்து மடங்கு தருவதாகச் சவால் விட்டபோது, அதை ஏற்று முன்வந்தவர்கள் வூப் குழுவினர். ஆராய்ந்து பார்த்ததில், 2016-ஆம் ஆண்டில் 198 களவுக் கீக்கள் அங்கே விற்கப்பட்டது ஊர்ஜிதமாயிற்று. 2020-இல் ஜி2ஏ 39,600 டாலரைச் செலுத்தியது. ஆகவே ஃபாக்டோரியோ கீ பாதி விலைக்கு என்று எங்கேனும் கண்டால், அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் துப்பறியும் சாம்பு தேவையில்லை.

நடைமுறையில் ஜாக்கிரதை என்பது சில சாதாரணப் பழக்கங்களே. சந்தேகம் தோன்றினால் கேமின் சொந்தத் தளத்துக்குச் சென்று, எந்தெந்தக் கடைகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கீ எந்தப் பிரதேசத்தில் செல்லும், ஸ்டீமுக்கா வேறு கடைக்கா என்பதைப் பணம் கட்டுமுன் வாசிக்க வேண்டும். வாங்கிய கீயைப் பெட்டகத்தில் பூட்டிவைக்காமல் அன்றே பதிவு செய்துவிட வேண்டும். மிகமிக மலிவாக இருப்பதில் பல, கீயே அல்ல. முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கும் பாஸ்வேர்டும். கணக்கை விற்பது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கே விரோதமானதால், அப்படி வாங்கியது எந்த நேரத்திலும் பறிபோகலாம், புகார் சொல்லவும் நமக்கு வாயிராது. ஸ்டீமிலேயே நேரடியாக வாங்கியதை 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். வெளியில் வாங்கிய கீக்கு அந்த உரிமை இல்லை. இந்த உரிமைக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா? நம் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று தெரியாத கேமுக்கு, பத்து ரூபாய் அதிகமானாலும் ஸ்டீமிலேயே வாங்குவது புத்திசாலித்தனம்.

வேறு தேசத்தில் இருப்பதுபோல் வி.பி.என். மூலம் நடித்து அந்நாட்டு விலைக்கு வாங்கும் உபாயத்தைச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் விலை மிகக் குறைவாக இருந்த காலத்தில் வெளிநாட்டார் பலர் அவ்வாறு புகுந்தார்கள். 2023 நவம்பரில் வால்வ் அவ்விரு நாடுகளின் நாணயத்தையே கைவிட்டு டாலர் விலைக்கு மாற்றியது. விதியை மீறிய அந்நியர்களுடைய கணக்கு முடக்கப்படலாம் என்பது ஒரு புறம் இருக்க, நாணயத்தின் வீழ்ச்சியும் இந்தப் புகுதலும் சேர்ந்து, உள்ளூரில் யோக்கியமாக வாங்கிக்கொண்டிருந்தவர்களே கடைசியில் அதிக விலை கொடுக்கும்படி ஆயிற்று.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்த நாடகமே அவசியமில்லை. 2015 முதல் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், யு.பி.ஐ. மூலமாகவும் செலுத்தலாம். நம் நாட்டுக்கென்று வெளியீட்டாளர் தனியே குறைத்து நிர்ணயித்த விலை, டாலர் விலையை ரூபாயாக மாற்றினால் வருவதைவிடக் குறைவாக இருப்பதும் சகஜம். டொரொண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டு 2023-இல் வெளிவந்த வெண்பா போன்ற சிறிய கேம்கள், தள்ளுபடி நாட்களில் ஒரு சினிமா டிக்கெட்டுக்குரிய தொகையை ஒட்டி வந்துவிடுவதுண்டு. அதையே வெளிச் சந்தையில் டாலரிலோ யூரோவிலோ வாங்கப் புகுந்தால், காட்டிய விலையோடு சந்தையின் சேவைக் கட்டணம், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏறும். அந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டு, ஸ்டீமின் ரூபாய் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிச்சம் என்று நினைத்தது பல சமயங்களில் இரண்டு தேநீருக்குக்கூடக் காணாது.