ரீவைண்ட் பண்ணு மச்சி!

கம்ப்யூட்டர் லேப்ல அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. "முதல் தடவை ஃபைல் ஒழுங்கா வந்துச்சுடா. அதே புரோகிராம்ல மறுபடி ரீட் பண்ணினா ஒண்ணுமே வரலை. எர்ரர்கூட இல்லை!" எக்ஸ்டர்னல் எதிரே நிற்கும்போது இப்படி ஆனால் கை உதறத்தான் செய்யும். ஆனால், ஃபைலும் அழியவில்லை, பைதானுக்குக் கிறுக்கும் பிடிக்கவில்லை. ஓடி முடிந்த கேசட்டில் திரும்ப 'ப்ளே' அழுத்தினால் என்ன பாஸ் கேட்கும்?

திறந்திருக்கிற ஃபைலுக்கு, 'அடுத்து எந்த பைட்டிலிருந்து படிக்கணும்' என்று ஒரு எண் உண்டு. திறந்ததும் அது 0. படிக்கப் படிக்க நகரும். கடைசிக்குப் போய்விட்டால், அப்புறம் ரீட் தருவது வெறும் காலி. எங்கே நிற்கிறோம் என்று சொல்வது 'டெல்'. வேறு இடத்துக்குத் தாவ 'சீக்'. அதுக்கு 0 கொடுங்க, பழையபடி ஆரம்பத்துக்கு வந்துடும். கூடவே இரண்டாவது எண் ஒன்றும் தரலாம். 0 என்றால் ஆரம்பத்திலிருந்து எண்ணும், 1 என்றால் நிற்கிற இடத்திலிருந்து, 2 என்றால் கடைசியிலிருந்து. (யூனிக்ஸில் இதன் பெயர் 'எல்சீக்'. அந்த 'எல்', லாங்! பழைய சீக்கின் 16 பிட் எண் பெரிய ஃபைல்களுக்குப் பத்தவில்லை.)

அந்த 2-ல்தான் மேட்டரே இருக்கு. பழைய எம்பி3 பாட்டு ஒன்றை எடுங்க. ஐடி3 டேகின் முதல் வெர்ஷன் போட்டிருந்தால், விவரமெல்லாம் ஃபைலின் கடைசி 128 பைட்டில் இருக்கும். முதல் 3 பைட் 'டேக்' என்ற அடையாளம். அடுத்த 30 பாட்டின் பெயர், அதற்கடுத்த 30 பாடியவர், இன்னொரு 30 ஆல்பம், பிறகு 4 பைட்டில் வருஷம். 5 எம்பியையும் படிப்பானேன்? பைனரி மோடில் திறந்து, சீக்குக்கு மைனஸ் 128-உம் 2-உம் கொடுத்து, 128 பைட் படித்தால் ஆச்சு. ஹார்ட் டிஸ்கில் இருக்கிற மொத்தப் பாட்டுக்கும் லிஸ்ட் போட ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும். அடையாளம் இல்லாத ஃபைலை மட்டும் தாண்டிப் போகச் சொல்லுங்க.

தமிழ் டெக்ஸ்ட் ஃபைலில் இந்தத் தாவல் ஒரு வில்லங்கம். யூடிஎஃப்-8ல் 'தமிழ்' என்ற ஒரு வார்த்தையே 15 பைட். நாலாவது எழுத்து என்று நினைத்து சீக்குக்கு 4 கொடுத்தால், 'ம'வின் வயிற்றில் போய் இறங்குவீங்க. படித்ததும் டிகோட் எர்ரர்! டெக்ஸ்ட் மோடில் 'கடைசியிலிருந்து 10 பைட் பின்னாடி' என்று கேட்டாலும் பைதான் 3 ஒத்துக்காது. அங்கே ஒரே வழி, முன்னாடியே டெல் சொன்ன எண்ணைக் குறித்து வைத்து, அதையே சீக்குக்குத் திருப்பிக் கொடுப்பது.