ஒப்பந்தம் முடிந்தது, உரிமையும் முடிந்ததா? காணொளி விளையாட்டுத் துறையில் பணிப் பாதுகாப்பு

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்றே மாதங்களில், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை வெளியேற்றியது. பெருலாபம் ஈட்டும் நிறுவனத்திலேயே நிலை இதுதான் என்றால், அத்தகைய நிறுவனங்களுக்காகப் பெங்களூரு, புனே, ஹைதராபாத் நகரங்களில் சோதனைப் பணியும் வரைகலைப் பணியும் செய்வோரின் நிலை என்ன?

ஒரு விளையாட்டை உருவாக்கும் காலத்தில் ஆள் எடுப்பதும், அது வெளியானதும் ஆளைக் குறைப்பதும் இத்துறையின் வழக்கம். அதற்கு வசதியான கருவி குறித்தகால ஒப்பந்தம். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போவது ‘ஆட்குறைப்பு’ ஆகாது என்று அதே சட்டம் விலக்களிக்கிறது. தானாக விலகியதாகக் கடிதம் எழுதித் தந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதில் சாதி எங்கே வருகிறது? தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. அடுத்த வேலை பெரும்பாலும் தெரிந்தவர் பரிந்துரையால் கிடைக்கிறது. அந்தத் தெரிந்தவர் வட்டத்தைச் சாதியே வகுக்கிறது. நிரந்தரப் பணியில் ஒருமுறை கடக்கும் வாசலை, ஒப்பந்தப் பணியில் இருக்கும் முதல் தலைமுறைத் தலித் பட்டதாரி மீண்டும் மீண்டும் கடக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட மாதங்களைத் தாங்க அவருக்கு நிலமோ சேமிப்போ இருப்பதில்லை. ஆகவே பணி நிலைத்தன்மையைச் சமூகநீதிக் கோரிக்கையாகவே நாம் பார்க்கிறோம்.

மாற்றம் இயலாததன்று. அமெரிக்காவின் ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில், சக ஒப்பந்தச் சோதனையாளர்கள் நீக்கப்படுவதை எதிர்த்து 2021 டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2022 மே மாதம் 19க்கு 3 என்ற வாக்குகளில் அங்குச் சோதனையாளர் சங்கம் அமைந்தது.

இங்கும் சட்டத்தில் பிடிமானங்கள் உண்டு. சோதனைப் பணி தொழில்நுட்பப் பணி. அதைச் செய்பவர் சட்டப்படி ‘தொழிலாளர்’. குறித்தகாலத் தொழிலாளருக்கு நிரந்தரத் தொழிலாளருக்கு இணையான ஊதியமும், ஓராண்டுப் பணிக்குப் பின் பணிக்கொடையும் உண்டு. பணி ஆணை, ஊதியச் சீட்டு, மின்னஞ்சல்களைப் பாதுகாத்து வையுங்கள். விலகல் கடிதத்தில் கையெழுத்திடும்படி நெருக்கினால் மறுத்துவிடுங்கள். தகராறு எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சமரச அலுவலரை அணுகுங்கள். தனியாக அன்று, சங்கமாக.